ஒழுகாத கிடுகுக் கூரை

மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம் போனது. கொலை, ஏமாற்று, மழைக்கோட்டுப் போட்ட துப்பறிவாளன், எல்லாம் வழக்கம்போல. நடுவில் ஒரு மதுச்சாலைக் காட்சி வந்தது. மூங்கில் தட்டி, மரத்தில் செதுக்கிய பெரிய முகங்கள், மேலே ஓலைக் கூரை. தென்கடல் தீவு ஒன்றை நகரத்துக்குள் தூக்கி வைத்த மாதிரி. கைப்பைக்குள் துப்பாக்கி வைத்திருந்த பெண்ணைப் பார்க்காமல் நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் உன்னால் வந்த வினை.

ஹம்பேர்க்கில் நாம் வேலை செய்த மதுச்சாலையும் இப்படியான படங்களைப் பார்த்துக் கட்டியதுதான். நான் கவுண்டரில், நீ குசினியில் சமையல். ஜெர்மன்காரியான முதலாளியம்மாவுக்கு அந்தப் படங்களில் பைத்தியம். சுவரில் ஒன்று சத்தமில்லாமல் எந்நேரமும் ஓடும். குசினி யன்னலால் எட்டிப் பார்த்து நீ அதற்கு எங்கள் தமிழில் வசனம் சொல்லுவாய். துப்பாக்கியை நீட்டுகிற கொலைகாரன்கூட உன் வாயில், "இருங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பான். சிரிப்பில் நான் கிளாஸ் உடைத்ததும் உண்டு.

ஆனால் அந்தக் கூரை உன்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கவுண்டருக்கு மேலே தென்னோலைக் கிடுகு. ஜெர்மன் தச்சர்கள் அதை இடைவெளி விட்டு விட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு மழைக்குத் தாங்காது என்றாய். கட்டடத்துக்குள் எப்படி மழை பெய்யும் என்று கேட்டேன். அதற்காகப் பிழையாகக் கட்டலாமோ என்று என்னோடு கோபித்தாய்.

ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டு. துப்புரவு செய்யப் போன நாங்கள் முழுவதையும் அவிழ்த்து, கீழிருந்து மேலாக நெருக்கி அடுக்கிக் கட்டினோம். ஏணியைப் பிடித்தது நான். கிடுகை எடுத்துத் தந்ததும் நான். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தாய். வீடு கட்டி முடித்தவனின் முகம்.

மறுநாள் விளக்கைப் போட்ட முதலாளியம்மா அப்படியே நின்றுவிட்டார். அந்த இடைவெளிகளை அவர் வேண்டுமென்றேதான் விடச் சொல்லியிருந்தார். மேலேயிருக்கும் விளக்கின் வெளிச்சம் அவற்றினூடாக வந்து, படங்களில் விழுவதுபோலவே, இருப்பவர்களின் முகத்தில் கோடு கோடாக விழ வேண்டும். இப்போது கவுண்டர் இருண்டு கிடந்தது. யார் செய்தது என்று கேட்டார்.

மன்னாரில் இருந்த மனைவியைக் கூப்பிட நீ அப்போதுதான் அன்ட்ராக், அதுதான் விசா விண்ணப்பம், போட்டிருந்தாய். வேலை போனால் அவருடைய விசாவும் போய்விடும். எனக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். "நான்தான், தனியச் செய்தேன்" என்று நீ சொன்னாய். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று நாள் உன்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார். நாலாம் நாள் கூப்பிட்டார். நீயே அவிழ்த்து, நீயே மறுபடி இடைவெளி விட்டுக் கட்டினாய். ஒரு மூலையை மட்டும் நெருக்கமாக விட்டதை அவர் கடைசிவரை கவனிக்கவில்லை. அடுத்த வருடம் உன் மனைவி வந்து சேர்ந்தார். அந்தக் கதையை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ வருடம் கிடந்தது; நாளைக்கு நாளைக்கு என்று நான் தள்ளிப்போட, நீ கண்ணை மூடிவிட்டாய்.

படம் முடிந்ததும் மனம் பொறுக்காமல் உன் வீட்டுக்குப் போய், அன்றைக்கு நான் பேசாமல் நின்றதை உன் மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். ஜெர்மனிக்கு வந்த முதல் கிழமையே அவரைக் கூட்டிப்போய் நீ அந்த மூலையைக் காட்டினாயாம்.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து கட்டினதெண்டுதான் எனக்குச் சொன்னவர், அண்ணை. நீங்கள் இல்லாட்டி ஏலாதாம்."

குற்றம் முழுவதையும் உன் தலையில் போட்டுக்கொண்டு, பெருமையில் எனக்குப் பாதி தந்திருக்கிறாய். அதை வாங்க எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, மச்சான். ஆனாலும் திருப்பித் தரமாட்டேன்.