வளைகாப்புக்கு மொய் மேசை

பீர்க்கன்கரணை,
கார்த்திகை மாதம், புதன்கிழமை

அன்பு மகன் சுகுமாருக்கு, சித்தப்பா மாரி எழுதுவது. நான் அப்போதே சொன்னேன், சொன்னேனா இல்லையா. ஆனி மாதம் லீவு முடிந்து கிளம்பின உன்னை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதே ஆட்டோவில் உன் சித்தியிடம் சொன்னேன், அம்மணி, இந்த வருஷம் நம் வீட்டில் மூன்று நல்லது நடக்கும், நம் மருமகள் எழில் முழுகாமல் இருப்பாள், ஏரி நிரம்பும், கடன் அடையும் என்று. மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டுய்யா என்றாள். இப்போது மூன்றும் நடந்துவிட்டது. ஏரி நிரம்பி, உபரி வழிகிற கலங்கலில் தண்ணீர் போகிறது, நம் தெருமுனை வரைக்கும் வந்து என் ஆட்டோவைப் பார்த்ததும் மரியாதையாகத் திரும்பிப் போனது. எழில் சுகம். வயிற்றில் இருப்பவர் அவளைவிடச் சுகம், உதைக்கிற உதையைப் பார்த்தால் இரண்டு வயதுக் குழந்தை உள்ளே இருக்கிறது என்று சுகாதார நிலையத்து நர்ஸம்மா அமலராணியே சொன்னார், அல்லது சொல்ல வந்தார், நான் முந்திக்கொண்டேன். நானும் சித்தியும் நன்றாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் உன் ஏசி மிஷின்களும் சுகமாக இருக்க வேண்டும்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ நடுவில் நடுவில் பேசுகிறாய். அப்படியா சித்தப்பா, நிஜமாவா சித்தப்பா என்று கேட்டுக்கேட்டு என் கதையைப் பாதியாக்கி விடுகிறாய். கடிதத்தில் நான் மட்டும்தான் பேச முடியும். உன் ரூமில் உன்னோடு தங்கியிருக்கிற மேற்குத் தாம்பரம் சாலமோன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் இதையும் சித்தி சுட்ட முறுக்கையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு, ஏனென்றால் நீ கம்பெனிப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டிய நாள் இந்த மாதக் கடைசி என்று சொன்னாய் அல்லவா, அதற்கு முன்னால் உனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் கம்பெனி கையில் அட்வான்ஸ் தரும், அதை வைத்து உன்னை அங்கே அனுப்பின ஏஜெண்டுக்காக பேங்கில் அடகு வைத்த எழிலின் ஆரத்தை மீட்டுவிடலாம், ஆனால் ஒரு வருஷத்துக்கு லீவு கிடையாது என்று அன்றைக்குச் சொன்னாய். அதாவது மாசியில் பிறக்கிற பிள்ளை நடக்கப் பழகி, வாசலில் வந்து நின்று, யார் இந்த ஆள் என்று கேட்கும்போதுதான் நீ அதைப் பார்ப்பாய். நீ போனை வைத்த பிறகு எழில் உள்ளே போய்த் துணி மடித்தாள். மடித்து முடித்துவிட்டு, மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவி ஓடவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெருங்களத்தூர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறாள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாய், அவளை டெல்லிக்கு அனுப்பினால் நாட்டுக் கணக்கையே நேராக்கிவிடுவாள். நீ விட்டுவிட்டுப் போன கிரெடிட் கார்டுக்கு மாதாமாதம் மினிமம் தொகை மட்டும் கட்டினால் போதும் என்று நீயும் நானும் நிம்மதியாக இருந்தோமே, அது பேங்க்காரன் நம்மீது பரிதாபப்பட்டு வைத்த தள்ளுபடி என்றுதானே நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா, அது தள்ளுபடி இல்ல, அப்டியே கட்டிகினு இருந்தா இந்தப் புள்ள காலேஜ் போனாக்கூட தீராது என்று சொல்லி, கத்தரிக்கோலால் கார்டை நறுக்கி எறிந்தாள். நான் அந்தக் கார்டில் மோட்டார் வைத்த தொட்டில் ஒன்று பார்த்து வைத்திருந்தேன், நாம் தூங்கினாலும் அது தானாக ஆடுமாம், பாட்டும் பாடுமாம், மாதத் தவணைதான். எழில் சொன்னாள், உங்க பழைய வேட்டியில தூளி கட்டினா போதும் மாமா, பாட்டுக்கு நீங்க கீறீங்க என்று. எனக்கு வருத்தமே இல்லை. என் குரலை அவள் மதிக்கிறாள். பிரசவத்துக்கும் அப்படித்தான், பெரிய ஆஸ்பத்திரி பேக்கேஜ் எதுவும் வேண்டாம், சுகாதார நிலையத்திலேயே பதிந்திருக்கிறேன், அங்கேயே செக்கப், சர்க்கார் உதவித்தொகையும் வரும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் அதற்கென்று தனியாகக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றாள். யாரும் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடந்தது. ஐந்நூறு பேர் வந்தார்கள். சித்தி பக்கத்தில் நின்று அறுபது என்கிறாள், அவளுக்கு எண்ணத் தெரியாது. எழில் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள், ஹால் கிடையாது, கடன் கிடையாது, வீட்டு வாசலில் ஒரு பந்தல், படப்பையிலிருந்து அவள் அம்மா செய்துகொண்டு வருகிற கலந்த சாதம், கண்ணாடி வளையல், அவ்வளவுதான் என்று. நான் சரி என்று தலையாட்டிவிட்டு எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். யோசித்துப் பார், ஆட்டோ ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஊரில் நான் மொய் வைக்காத வீடு உண்டா. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், மஞ்சள் நீராட்டு, எவன் பத்திரிகை நீட்டினாலும் மாரி போய் மொய் எழுதிவிட்டுத்தான் சாப்பிடுவான். எனக்கோ பெற்ற பிள்ளை இல்லை, அண்ணனும் அண்ணியும் போய் நீ எங்களிடம் வரும்போதே உனக்கு மீசை முளைத்துவிட்டது, விசேஷம் என்று ஒன்று எடுத்ததே இல்லை. நீயும் எழிலும் வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றீர்கள், அங்கேயும் மொய் வாங்க எனக்குச் சான்ஸ் கொடுக்கவில்லை. போட்டதெல்லாம் ஊரெங்கும் சிதறிக் கிடக்கிறது, திரும்பி வருவதற்கு வாசல் இல்லை. அந்த வாசலை நான் திறந்தேன். தாம்பூலப் பை கொடுப்பதற்குச் சித்தி போட்டு வைத்த மேசையில் ஒரு தட்டு, ஒரு புது நோட்டு, இரண்டு பேனா வைத்து, புதுச் சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சித்தி பார்த்தாள் பார் ஒரு பார்வை. யோவ், வளகாப்புக்கு எவனாச்சும் மொய் டேபிள் போடுவானா, பொம்பளைங்க வளையல் எடுத்துகினு வர்ற எடத்துல நீ நோட்டு விரிச்சிகினு குந்தினுகீறியே, எழுந்துருய்யா, மானம் போவுது என்று பல்லைக் கடித்தாள். நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், முதல் ஒரு மணி நேரம் தட்டில் ஒரு ரூபாய் விழவில்லை. பெண்கள் வரிசையாக என்னைத் தாண்டிப் போனார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள். இன்னா மாரிண்ணே, கல்யாண மண்டபம்னு நெனச்சிகினு வந்துட்டியா என்று ஜாஸ்மின் கேட்டாள், எழிலோடு கடையில் வேலை செய்கிறாளே, அந்தப் பெண். ஆண்கள் பந்தலுக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டு என்னைப் பார்க்காத மாதிரி நின்றார்கள். வளைகாப்புக்கு ஆண்கள் வருவதே சாப்பாட்டுக்குத்தானே, அந்தச் சின்ன விஷயத்தை நான் கணக்கில் விட்டுவிட்டேன்.

அங்கே நாற்காலியில் எழில் பச்சைப் பட்டில் உட்கார்ந்திருக்கிறாள், கன்னத்தில் சந்தனம், முகத்தில் போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு. வருகிற ஒவ்வொருத்தியும் வளையலைப் போட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறாள், புருஷன் வரலியா, புள்ள பொறக்கறப்பவாச்சும் வருவானா என்று. முதலில் பதில் சொன்னாள். அப்புறம் தலையை ஆட்டினாள். அப்புறம் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, போதும்கா, வலது கையிலயே நெறைய ஆயிடுச்சி என்றாள். இடது கையில் பாதிகூடப் போடவில்லை. அப்போது பெரிய வீட்டுப் பொன்னியம்மாள் வந்தார்கள், அந்தக் காலத்தில் ஏரிக்கரை நிலமெல்லாம் அவர்களுடையது, இப்போது வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்களே, அவர்கள்தான். அந்த அம்மாள் எதையும் மெதுவாகக் கேட்பதில்லை. இன்னாடி எழிலு, அவனுக்கு மஸ்கட்டுலயே வேர் வுட்டுச்சா என்று பந்தலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார்கள். எழிலின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் மேசையிலிருந்து எழுந்தேன். எழுந்து ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு வரி சொன்னேன். அது என்ன வரி என்று கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் நீ மீதியைப் படிக்காமல் போனை எடுப்பாய்.

அந்த ஒரு வரிக்குப் பிறகு நடந்ததைக் கேள். பொன்னியம்மாள் நேராக என் மேசைக்கு வந்தார்கள். அப்போ இதாண்டா உன் வூட்டு விசேஷம், எங்க வூட்ல நாலு கல்யாணத்துக்கும் மொய் வெச்சவன் நீ, உனுக்கு எப்ப, எங்க திருப்பறதுன்னு தெரியாம நான் கடன்காரியா செத்துப்பூடுவேனோன்னு பேஜாரா இருந்துச்சி, எழுது என்று சொல்லி, முந்தானையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார்கள். வைத்துவிட்டு வெளியே பார்த்து, டேய் குமரேசா, அங்க இன்னாடா டீ குடிச்சிகினு கீற, மாரி மொய் வாங்கறான் என்று மகனைக் கூப்பிட்டார்கள். சுகுமாரு, அதுவரைக்கும் எனக்கே தெரியாது, என் காசு ஊரில் இத்தனை பேர் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது என்று. பிள்ளை இல்லாதவனுக்கு எப்படித் திருப்பிச் செய்வது என்று ஒவ்வொருத்தனும் தவித்திருக்கிறான், யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டால் நான் மனம் நோவேன் என்று. குமரேசன் வந்து, மாரிண்ணே, கையில காசு இல்ல, ஸ்கேன் பண்ணலாமா என்றான். நான் ஓடிப்போய் ஆட்டோவிலிருந்த ஸ்கேன் அட்டையையும், பணம் வந்தால் சத்தம் போடுமே அந்தப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். அவன் அழுத்தினான். இரண்டாயிரத்து ஒரு ரூபாய் பெறப்பட்டது என்று பெட்டி பந்தல் முழுக்கக் கத்தியது. அவ்வளவுதான், ஆயிரம் வைக்கலாம் என்று வந்தவனெல்லாம் வெளியே போய்ப் பர்ஸை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தான். ஐந்நூற்று ஒன்று என்று பெட்டி கத்தும்போதெல்லாம் அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு தடவை அழுத்தினான்.

இன்னொரு சந்தோஷம். உன் மாமனார் ஜெயவேலு, உங்கள் ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு அப்புறம் நம் வாசல்படி மிதிக்கவே இல்லை அல்லவா, அன்றைக்கு மகளை அழைத்துப்போக வந்தவர் பந்தல் மூலையில் தூணாட்டம் நின்றிருந்தார். கூட்டம் மேசையைச் சூழ்ந்ததும் எனக்கு எழுதக் கை ஓடவில்லை, எட்டிப் பார்த்தார், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், சம்பந்தி, உங்க கையெழுத்த நீங்களே நாளைக்குப் படிக்க மாட்டீங்க, இப்டி குடுங்க என்று நோட்டை வாங்கிக்கொண்டார். சம்பந்தி என்று சொன்னார், நீ கவனித்தாயா. அவர் எழுத நான் கூவ, லட்சக்கணக்கில் சேர்ந்தது. சித்தி முறைக்கிறாள், சரி, லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எழில் அந்தப் பணத்தைத் தொட மாட்டேன் என்றாள், மாமா, இது நீங்க ஆட்டோ ஓட்டி ஊருக்கு வெச்சது, இத நான் எப்டி வாங்கறது என்றாள். அதற்கு நான் கொடுக்க இருந்த பதில் கல்வெட்டில் வெட்ட வேண்டியது, ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டு சொன்னாள், இவரு ஊருக்கெல்லாம் வெச்சது இந்த வூட்டுக்கு ஒரு புள்ள வரும்னுதான், வாங்கிக்கம்மா என்று. திங்கட்கிழமை காலையில் எழில், ஜெயவேலு, நான் மூன்று பேரும் தாம்பரம் பேங்குக்குப் போய் ஆரத்தை மீட்டோம். வட்டியும் முதலும் போகக் கொஞ்சம் மிச்சம், அதைக் கார்டு பாக்கியில் கட்டிவிட்டாள். கார்டில் இன்னும் இருப்பது அவள் சம்பளத்திலும் நீ வழக்கமாக அனுப்புகிறதிலும் சித்திரைக்குள் தீர்ந்துவிடும் என்கிறாள். ஆரத்தைப் போட்டுக்கொண்டேதான் படப்பைக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். ஆக, அட்வான்ஸ் வாங்கி ஆரத்தை மீட்க வேண்டும் என்கிற பேச்சு முடிந்தது. அதற்காக நீ எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உன் பழைய ஒப்பந்தத்திலேயே உனக்கு வர வேண்டிய லீவு பாக்கி இருக்கிறது என்று சாலமோன் சொன்னான், இது நிஜமாகவே சொன்னான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ரூமில் கடனுக்குப் பிரியாணி வாங்கித் தின்னாதே, சின்னக் கடன்தான் சத்தம் போடாமல் வளர்கிறது என்று எழில் சொல்லச் சொன்னாள். அவளுக்குத் தினமும் போன் பண்ணு, பண்ணினால் கடன் பேச்சு மட்டும் பேசாதே, என்ன சாப்பிட்டாய், எந்தப் பக்கம் உதைக்கிறது என்று கேள். நீயும் அவளும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், வீடு நிறையச் சத்தத்தோடு வாழ வேண்டும் என்று நானும் சித்தியும் மனதார வாழ்த்துகிறோம். மறுபடி சொல்கிறேன், கையெழுத்து வேண்டாம்.

இப்போது அந்த ஒரு வரி. நீ இதில் படித்ததில் அங்கங்கே நான் கொஞ்சம் பூ வைத்திருப்பேன், அது என் சுபாவம், ஆனால் முழுசாக நானே இட்டுக்கட்டியது ஒன்றுதான். பந்தலில் எழுந்து நின்று நான் சொன்னது இது: எங்க வூட்டுப் புள்ள சுகுமாரு மாசிக்கு வர்றான், லீவு வாங்கியாச்சி, டிக்கெட்டும் எடுத்தாச்சி, புள்ள பொறக்கறப்ப அவன் இங்கதான் இருப்பான். அதைக் கேட்டதும் எழில் என்னையே பார்த்தாள். அப்புறம் மடியில் வைத்திருந்த இடது கையை எடுத்து நீட்டி, இதுலயும் போடுங்க என்றாள். முழங்கை வரைக்கும் போட்டார்கள். இன்னும் ஒன்றுகூடக் கழற்றவில்லை. நீ வராமல் போனால் நான் சொன்னது பொய். வந்துவிட்டாயானால் அது பொய்யே இல்லை, நான் முன்னாடியே சொன்னது.

மாசியில் மீனம்பாக்கம் வாசலில் ஆட்டோவோடு நிற்கப் போகும்
உன் சித்தப்பா,
மாரி