எட்டு மணிச் சொட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. உறையின் மேல் இருக்கும் கையெழுத்து இவருடையது. என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவாய் என்று இவரை எழுதச் சொன்னேன். ஏமாற்றியதற்கு மன்னித்துக்கொள். பிரித்தது பிரித்துவிட்டாய், கடைசி வரை படித்துவிடு. அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே என்று வழக்கம்போல எழுத முடியவில்லை.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. பத்து வரி எழுதினால் கண்ணுக்குள் மணலை வைத்துத் தேய்ப்பது போல இருக்கிறது. கொஞ்ச நேரம் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருகிறேன். காலையில் தொடங்கிய கடிதம் இது.

எனக்குக் கண் வறட்சி அக்கா. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண்ணில் ஊற வேண்டிய நீர் ஊறுவதில்லை. அழுகை வந்தாலும் கண்ணீர் வராது. உன்னிடம் மறைத்தது என் தப்புதான். சொன்னால் முதலில் அந்த வேலையை விடு என்பாய். மில்லில் துணி சோதிக்கிற மேஜை உனக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு முன் நீயும் மூன்று வருஷம் நின்ற இடம்தானே. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி, அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும் துணி. ஒரு தடவை கண் சிமிட்டினால் அரை மீட்டர் போய்விடும் என்று நாம் எல்லோரும் சிமிட்டாமல் நிற்கப் பழகிக்கொண்டோம். அதனால் மட்டும் வந்ததில்லை, அதுவும் சேர்ந்துகொண்டது என்கிறார் டாக்டர். கண் சரியில்லை என்று தெரிந்தால் மேஜையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் மில்லிலும் மூச்சு விடவில்லை.

வைத்தியம் என்றால் சொட்டு மருந்துதான். இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஆயுசு முழுக்க. போட்டால் குணமாகுமா என்று கேட்டேன். குணமாகாது, போடும் வரை தாங்கும் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. காய்ச்சல் மாத்திரை என்றால் மூன்று நாளில் தலைமுழுகிவிடலாம். இது அப்படியா? மில்லில் கழிப்பறைக்குள் ஒளிந்துதான் போடுவேன். புட்டி கெட்டி. அழுத்தினால் ஒன்று கன்னத்துக்குப் போகும், இன்னொன்று காதுக்கு. தப்பித் தவறிக் கண்ணில் விழுந்தாலோ இரண்டு நிமிஷம் எல்லாம் மங்கல். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது என்னைப் போன்றவர்கள் பேசுவதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். ஒரு லாரி டிரைவர், எரிகிற அன்றைக்கு மட்டும்தான் போடுவாராம். ஒரு டீச்சரம்மா, பழகிப்போய்விடும் என்று பயந்து மூடியே திறக்கவில்லை. டாக்டர் கேட்டால் மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே பதில், "ஒழுங்கா போடறோம் சார்." நானும்தான்.

அம்மா போன நாளைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். நீ விடிந்ததும் வந்தாய். வந்த வேகத்தில் அம்மா மேல் விழுந்து கதறினாய். நான் சுவரோரம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தது, கண் காய்ந்து கிடந்தது. சின்ன வயசில் எதற்கெடுத்தாலும் அழுகிறேன் என்று எனக்குக் குழாய் என்று பேர் வைத்தவள் நீ. அந்தக் குழாய் அன்றைக்கு ஒரு சொட்டு விடவில்லை. பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னதையும் பார்த்தேன். எட்டு மணி வாக்கில் இமையைத் திறக்கவே முடியவில்லை. உள் அறைக்குப் போய் மருந்து போட்டேன். அழுத்திய வேகத்தில் நாலைந்து சொட்டு விழுந்து கன்னமெல்லாம் வழிந்தது. அப்படியே திரும்பினேன், கதவருகில் நீ நின்றிருந்தாய்.

"அம்மாவுக்கு அழறதுக்குக்கூட புட்டியில தண்ணி வச்சிருக்கியாடி?" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாய். அத்தனை தலையும் திரும்பிற்று. உன் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன். அப்போதே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கூடப் பிறந்தவளே இப்படி நினைப்பாளா, நினைத்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். எட்டு மாசம் ஆகிறது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை.

அதற்குப் பிறகு புட்டியை எடுத்து அண்ணாந்தால் போதும், நீ சொன்னது காதில் விழும். ஒரு வேளை போடாமல் விட்டேன். அப்புறம் ஒரு நாள் விட்டேன். பிறகு புட்டி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. "மருந்தை விட்டுட்ட, கோபத்தை மட்டும் வேளை தவறாம போட்டுக்கற" என்று இவர் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. ஆத்திரத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் வருமா?

போன மாசம் ஒரு முழுச் சுருள் துணி மில்லுக்குத் திரும்பி வந்தது. நடுவில் நீளத்துக்கும் எண்ணெய்க் கோடாம். நான் பார்த்து அனுப்பியதுதான். சூப்பர்வைசர் அதை விளக்கின் மேல் விரித்து, "எங்க இருக்கு, நீயே காட்டு" என்றார். எனக்கு அப்போதும் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் விரல் வைத்தேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இப்போது அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் இருக்கிறேன். அங்கே கண் வேண்டாம், கை போதும்.

வலது கருவிழியில் புண் வந்து ஆறித் தழும்பாகிவிட்டதாம். அந்தப் பார்வை இனி தெளியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றுதான் சொன்னார், காப்பாற்றிவிடலாம் என்று சொல்லவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று இவர் வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும் வரை என் கையை விடவே இல்லை.

இந்தக் கடிதத்துக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டு வைத்திருக்கிறேன். விரல் நீளம்கூட இருக்காது. காணவில்லை என்றால் கீழே விழுந்திருக்கும், தேடி எடு. அதைக் கீழ் இமைக்குள் செருகி ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். கண்ணில் எவ்வளவு நீர் ஊறுகிறது என்று அதில் இருக்கும் கோடுகளை வைத்துப் பார்ப்பார்கள். நல்ல கண் என்றால் பாதி வரைக்காவது நனையுமாம். அந்த ஐந்து நிமிஷமும் நான் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படியாவது நனைந்துவிடாதா என்று அவள் போன நாளையே திரும்பத் திரும்ப நினைத்தேன். முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. ஈரம் நின்ற இடத்தில் டாக்டர் பேனாவால் குறித்திருக்கிறார். அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே எங்களோடு இருந்த வரை, நான் வீட்டில் இருக்கும் வேளையெல்லாம் எனக்கு மருந்து போட்டுவிட்டது அம்மாதான். படுக்கையில் விழுந்த பிறகும் எட்டு மணிச் சொட்டை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கொடுப்பேன். தம்ளரைப் பிடிக்க முடியாத கை, ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாது. "அசையாதடி குழாய்" என்பாள். போட்ட பிறகு உள்ளங்கையை என் இமை மேல் வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்க மாட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அன்றைக்கும் எட்டு மணி ஆனதும் என் கால் தானாக அம்மா பக்கத்தில் போய் நின்றது. புட்டி கையில் இருந்தது. குனிந்த பிறகுதான் உறைத்தது. அதன் பிறகுதான் உள் அறைக்குப் போனேன். நீ பார்த்தது அதைத்தான் அக்கா.

வா என்று கூப்பிடும் தைரியம் எனக்கு இல்லை. அம்மாவை நினைத்து நீ அழும்போது என் பங்கையும் சேர்த்து அழுதுவிடு. ஒரே ஒரு வரி பதில் போடு. திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டியே எழுது. ஆனால் கறுப்பு மையில், பெரிய பெரிய எழுத்தாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுது. யாரும் வாசித்துக் காட்டாமல் அதை நானே படிக்க வேண்டும். சீக்கிரம் எழுது.

உன் வீட்டில் எல்லோர் கண்ணும் குளிர்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
குழாய்