மேடையில் நான் விழுங்கிய பெயர்

ராயபுரம், திருப்பூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு அப்பா எழுதுவது. சிவன்மலை முருகன் புண்ணியத்தில் இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பிரிண்டிங் யூனிட்டும் ஓடுகிறது. அங்கே பாரிசில் நீ சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது கண்ணு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்த மேடை வீடியோவைப் பார்த்துவிட்டாய் என்று தெரியும். போனில் பேசினாலும் வார்த்தை வராது, அதனால் கையால் எழுதுகிறேன்.

மேல்படிப்புப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு வெள்ளகோவில் மண்டபத்தில் நம் சங்கத்தார் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தேனே, அதற்காகத்தானே நீ ஆராய்ச்சி செய்கிற அந்தப் பழைய பிரெஞ்சு ஓவியர் பெயரை உன்னிடம் கேட்டுப் பழகினேன். பூகரோ. எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று, கடைசியில் மூன்று எழுத்தைப் போட்டுவிட்டு வெறும் ஓ என்று முடிக்கிறார்களே, என்ன கருமமோ என்று நான் சலித்துக்கொள்ள, நீ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தாய். குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதே பெயர்தான். முருகன் பேரை இத்தனை வாட்டி சொல்லியிருந்தா மோட்சமே கெடைச்சிருக்குமுங்க என்று உன் அம்மா கேலி செய்தாள். விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துப் பந்தியில் உன் பெரிய மாமன் அருள்செல்வன், அது ஆருங்க மாப்பிள்ளை அந்த ஓவியர் என்று கேட்டார். நான் பெருமையாக ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல அவர் போனில் அடித்துத் தேடினார். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அதுவே வினையாகப் போயிற்று. துணியில்லாத பெண்கள் படமாக வந்து விழுந்தது. ஏனுங்க மாப்பிள்ளை, ஊட்டுப் புள்ளைய இதைப் பாக்கறதுக்கா சீமைக்கு அனுப்பி வெச்சீங்க என்று சொல்லிப் பந்தி முழுக்கப் போனைக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். வெறுங்காலோடு நூல் பின்னுகிற ஏழைப் பெண்ணையும் அந்தப் பூகரோதானே வரைந்திருக்கிறார், நீ அனுப்பிய அந்தப் படம் என் சட்டைப் பையில் இருந்த போனிலேயே இருந்தது. தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தோன்றியது, கை வரவில்லை.

அப்புறம் மேடையில் மைக்கை நீட்டி, பாப்பா என்ன ஆராய்ச்சி பண்றாங்க என்று கேட்டார்கள். பெயர் நாக்கு நுனியில் சுத்தமாக நின்றது. எதிரே மாமன் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். டெக்ஸ்டைல் டிசைனுங்க என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள் சாமி. காரில் காங்கயம் தாண்டியதும் அம்மா, புள்ளைய நெனச்சு நான் ஒருநாளும் தலை குனிஞ்சதில்லீங்க, இன்னைக்கு உங்களை நெனச்சுக் குனிஞ்சுட்டேன் என்றாள். பொன்னாடையை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை, கார் டிக்கியிலேயே கிடக்கிறது. மறுநாள் காலை யூனிட்டில் வெளிநாட்டு எழுத்து போட்ட ஒரு பனியன் பிரிண்டைச் சரிபார்க்க நின்றேன். என்ன மொழி, என்ன சொல் என்று ஒன்றும் தெரியாது, ஆனால் ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய எழுத்தில் ஒரு புள்ளியை மாற்ற என் ஆட்களை நான் விட்டதில்லை. பெற்ற பெண்ணின் படிப்பை மட்டும் நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து மாற்றிவிட்டேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேற்றுச் சாயங்காலமே அதே குரூப்பில் என் குரலிலேயே போட்டுவிட்டேன், மேடையில் நான் சொன்னது பொய், என் மகள் பூகரோ என்கிற ஓவியரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று. மாமன் கூப்பிட்டு, அட விடுங்க மாப்பிள்ளை, ஒரு தமாசுக்குச் சொன்னது என்றார். விடவில்லை, கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன், நீ அதற்கு வருத்தப்படாதே. இதனால் நான் செய்தது இல்லையென்று ஆகிவிடாது, தெரியும்.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாக அம்மா சொன்னாள். காதை மூடாமல் வெளியே போகாதே, ரொட்டியிலேயே பொழுதை ஓட்டாமல் ஒருவேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு. முருகன் உன்னைக் கைவிட மாட்டான், பேராசிரியர்கள் முன்னால் நல்லபடியாகப் பேசிப் பட்டம் வாங்கு. நீ அன்றைக்கு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதை இங்கிருந்தே பார்க்கிற லிங்க் அம்மாவுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாய். சரிதான், எனக்கும் அனுப்பு என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குக் கேமராவில் தெரியாமல் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், அதற்கு மட்டும் சரியென்று அவளிடம் சொல்லிவிடு கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்த்தநாரி