பசு உயிருடன் மீட்பு

ஜூன் 9, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். மின்விசிறியிலும் அனல். தீயணைப்பு நிலையத்தில் முதல் நாள்.

அப்பா காக்கிச் சட்டையை இரண்டு தடவை தேய்த்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். நானும் நாற்காலி வேலைக்குத்தான் போக வேண்டும் என்று மூன்று வருடமாகச் சண்டை. இன்று காலரை இழுத்து நேராக்கினார், அவ்வளவுதான். கல்யாணமாகி எட்டு மாதத்தில் ரோஸ்லின் வாசல் வரை வந்து வழியனுப்பியது இதுதான் முதல் தடவை. தெருவே பார்த்தது. கூச்சம்.

எங்கள் வண்டிக்கு லீடிங் ஃபயர்மேன் பாண்டி அண்ணன். இருபது வருட சர்வீஸ். தீ எப்போதெல்லாம் வரும் என்று கேட்டேன்.

"தீயெல்லாம் கம்மி மாப்ள. பாம்பு, மாடு, கெணறு. இம்புட்டுத்தான் நம்ம பொழப்பு."

வாங்க வேண்டியது: ஷூ பாலிஷ், கறுப்பு சாக்ஸ் 2, அப்பாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 12, வியாழன்

மூன்று நாளில் வந்த அழைப்புகள்: அவனியாபுரம் ஒர்க்‌ஷாப்பில் சாரைப்பாம்பு. வில்லாபுரத்தில் பூட்டிய வீட்டுக்குள் குக்கர் அடுப்பிலேயே. குப்பை தீ. மறுபடி பாம்பு; போனால் அது ஹோஸ் துண்டு. சிரித்துச் சிரித்து வயிறு வலி.

சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடும்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று நடந்தது. நேற்று எழுத முடியவில்லை.

காலை பத்தேமுக்காலுக்குப் போன். ஏர்போர்ட் தாண்டி உள்ளே ஒரு கிராமம். கிணற்றில் பசு. கூப்பிட்டது பக்கத்துத் தோட்டத்துக்காரர். மாடு கத்துவது கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். பாண்டி அண்ணன், நான், டிரைவர், இன்னும் இரண்டு பேர்.

சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. முப்பது அடி. தண்ணீர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. பசு உதைத்து உதைத்து தண்ணீர் முழுக்கச் சேறு. மோட்டார் ரூமை ஒட்டி ஒரு ஜோடி செருப்பு. பார்த்தேன். என் ஷூவைக் கழற்றி அதன் பக்கத்திலேயே வைத்தேன்.

நான்தான் இறங்கினேன். நானாகவே கேட்டேன். பாண்டி அண்ணன் இடுப்பில் கயிறு கட்டிவிட்டார். கிழக்குப் பக்கம் பழைய படி இருந்தது, பாதி நீருக்குள். அதில் ஒரு கால் ஊன்றி, பசுவின் வயிற்றுக்கு அடியில் பழைய ஹோஸைச் சுற்ற வேண்டும். மூன்று தடவை நழுவியது. இன்னொரு காலை ஊன்ற இடம் தேடினேன். படிக்குக் கீழே எதுவோ தட்டுப்பட்டது. மெத்தென்று. உரச்சாக்கு என்று நினைத்தேன். மண்ணோடு ஊறிய சாக்கு அப்படித்தான் இருக்கும். அதன் மேல் மிதித்து நின்றுதான் நான்காவது தடவை ஹோஸைக் கட்டினேன்.

மேலே ஜே.சி.பி. வந்து தூக்கியது. மொத்தம் முக்கால் மணி நேரம். பசு மேலே வந்து நடுங்கி நின்றது. வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் கைதட்டினார்கள். நான் ஈரத்தோடு அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தேன். யாரோ வீடியோ எடுத்தார்கள். சிரித்தேன்.

அப்போது பசுவுக்குச் சொந்தக்கார அம்மா வந்தாள். நூறு நாள் வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்திருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கக்கூட இல்லை. பசுவைக் கட்டிப்பிடித்தாள். எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சுற்றிப் பார்த்தாள்.

"இவுக எங்க?"

மோட்டார் ரூம் பக்கம் கையை நீட்டினாள்.

"மாட்டப் பிடிச்சுக்கிட்டு வந்தது இவுகதான? செருப்பு இங்கன கெடக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. பாண்டி அண்ணனைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி நானே இறங்கினேன். தேடவில்லை. நேராக அந்த இடத்துக்குப் போனேன்.

பெயர் முத்துக்கருப்பன், அந்த அம்மாவின் புருஷன். பசுவைக் காப்பாற்றக் குதித்திருக்கிறார். நெற்றியில் உதைபட்ட காயம்.

ஜூன் 18, புதன்

பேப்பரில் நாலாம் பக்கம். "பசு உயிருடன் மீட்பு, விவசாயி பலி." என் படம். பசுவின் கழுத்தில் கை. பல் தெரிகிறது.

வீடியோ அதற்கு முன்பே சுற்றிவிட்டது. அதில் பசுவும் நானும் மட்டும்தான். திங்கள்கிழமை மதியமே அப்பா அதை சர்ச் குரூப்பில் போட்டிருக்கிறார், "என் மகன்" என்று எழுதி. கீழே நாற்பது பேர் கைகூப்பல், பூங்கொத்து. இன்று காலை பேப்பரைப் படித்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏப்பா டேவிட், குரூப்ல போட்டத எப்படி அழிக்கிறது?"

வாங்கி அழுத்திப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது, அவர் போனில் மட்டும்தான் அழிந்தது. அழிந்துவிட்டது என்று சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

நிலைய அலுவலரிடம் எழுதிக் கொடுத்தேன். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், மீட்ட நேரம். காலில் தட்டுப்பட்டதை எழுதவில்லை. "நாம போறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்பா. டாக்டரும் அப்படித்தான் சொல்றாரு" என்றார். இருக்கலாம்.

மதியம் வண்டி கழுவும்போது பாண்டி அண்ணனிடம் சொன்னேன். சாக்கு என்று நினைத்தது, மிதித்தது, எல்லாம். அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கல மாப்ள. இருவது வருசம். வண்டிய விட்டு எறங்குன ஒடனே கேக்குறது. யாராச்சும் உள்ள எறங்குனாகளான்னு. அன்னைக்கு வெயிலு, மாடு கத்துது, கேக்கல. நீ சின்னப் பய, நேத்து வந்தவன். நான் கேக்கல."

பிறகு ஹோஸைக் கீழே போட்டுவிட்டு பாத்ரூம் போனார். நெடுநேரம் வரவில்லை. தண்ணீர் தானாக ஓடி ரோடு வரை போய்விட்டது. நான்தான் நிறுத்தினேன்.

வலது கால் பாதத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறேன். ரோஸ்லின் பார்த்துவிட்டாள். சேற்றுப்புண் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். என்னத்துக்கு என்று தெரியாமலேயே.

வாசலில் பந்தல் பிரித்த குழிகள். அந்த அம்மா தட்டில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். பெயர் பேச்சியம்மாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தாள். பசு வேலியோரம் நின்றது.

"கறக்கத்தான் செய்யுறேன். அது என்ன செய்யும் பாவம்" என்றாள், நான் பசுவைப் பார்ப்பதைப் பார்த்து.

சொல்லிவிட்டேன். முதல் தடவை இறங்கியபோதே காலில் பட்டது, சாக்கு என்று நினைத்தேன், அதன் மேல்தான் நின்றேன் என்று. திட்டுவாள், செருப்பை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் புளியிலிருந்து கொட்டை எடுப்பதை நிறுத்தவில்லை. தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"மாடு ஏத்த எம்புட்டு நேரமாச்சு?"

"முக்கா மணி நேரம்."

"நான் வரப்புல வரும்போதே மாடு மேல வந்தது தெரிஞ்சுது. சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தேன். அம்புட்டுப் பேரும் என்னயப் பாத்தாக, சிரிச்சுக்கிட்டே வர்றேன்."

அப்போதுதான் கை நின்றது.

"இத வேற யாருகிட்டயும் சொல்லாதீக. எங்க மாமியாளுக்குக் காதுல விழுந்தா தாங்காது. எனக்குத் தெரிஞ்சது போதும்."

சரி என்றேன். கிளம்பும்போது எழுந்து வாசல் வரை வந்தாள். "அந்த எடத்துலயா, படிக்குக் கீழயா?" என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது பெட்ரோல் தீர்ந்துவிட்டது. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். வெயில் நல்லதாகத்தான் பட்டது.

ஜூன் 23, திங்கள்

லீவு. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்த அம்மா கேட்டதை மீறி, ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டேன்.

அப்பா, திண்டுக்கல் பக்கம் ஒரு ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பர் துண்டை மேசையில் வைத்திருக்கிறார்.

ஜூன் 25, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. காலை ஒன்பதரைக்குக் கிணறு. ஆடு. பசுமலைக்கு மேற்கே, செங்கல் சூளை பக்கம்.

வண்டி நிற்பதற்குள் பாண்டி அண்ணன் கத்தினார், "உள்ள யாராச்சும் எறங்குனாகளா?" ஆட்டுக்காரி இல்லை என்றாள். நானும் கேட்டேன். இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். "நாந்தான் இங்கனயே நிக்கேன்ல, எத்தன வாட்டி சொல்ல?" என்றாள்.

இறங்கினேன். ஆடு ஒரு கல் இடுக்கில் முன்னங்காலால் தொற்றிக்கொண்டு கத்தியது. என் கையில் பாதாளக் கரண்டி. கிணற்றில் விழுந்த வாளியைத் தேடி எடுக்கும் அந்தக் கொக்கிக் கொத்து. தண்ணீருக்குள் விட்டு ஒவ்வொரு பக்கமாகத் துழாவினேன். தெற்கு, மேற்கு. சுவர் ஓரம். பிறகு நடு. மேலேயிருந்து பாண்டி அண்ணன் "டேவிட், ஆட்டப் பிடி" என்று கத்துவது கேட்டது. கேட்டுக்கொண்டே துழாவினேன். "டேவிட், மாப்ள, ஒண்ணும் இல்லடா, ஆட்டப் பிடிடா."

இன்னொரு தடவை கிழக்கு.

நிமிர்ந்து பார்த்தபோது கல்லில் ஆடு இல்லை. அள்ளி எடுத்தேன். மூச்சில்லை. மேலே ஏற்றி வயிற்றை அமுக்கிப் பார்த்தோம். தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். ஆட்டுக்காரி மண்ணில் உட்கார்ந்து, "கையெட்டுற தூரத்துல இருந்துச்சேய்யா, பாத்துக்கிட்டே விட்டுட்டியே" என்று அழுதாள்.

மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. கிணற்றில் வேறு யாரும் இல்லை. நான்கு பக்கமும் பார்த்துவிட்டேன், யாரும் இல்லை.