மாலை போட்ட நெருப்பு வளையம்

இன்று காலை பதுளைக் கடைத்தெருவில் இரும்புப் பஞ்சு வாங்கினேன். மரச்சாமான்களுக்கு மெருகேற்றுகிறவர்கள் தேய்க்க வாங்குவார்களே, அந்த மெல்லிய ரகம். "என்னத்துக்கும்மா, மேசை தேய்க்கவா?" என்று கடைக்காரர் கேட்டார். "கொளுத்த" என்றேன். வெளியே வந்து உறையைப் பிரித்து முகர்ந்தேன். எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படலாமா என்று கேட்காதே. நீ இருக்கும்போதும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஸ்டூடியோவில் நீ கல்யாணங்களுக்குப் போய் படம் எடுப்பாய். நான் உட்கார்ந்த இடத்தில் ஆல்பம் செய்வேன். நீ லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நான் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். மணமேடைகளைப் படம் எடுத்து அலுத்துப்போன நாளொன்றில்தான் வெளிச்சத்தால் வரையும் பைத்தியம் உனக்குப் பிடித்தது. "இருட்டுல கேமராவத் தொறந்து வச்சுட்டா, வெளிச்சம் போற வழியெல்லாம் கோடா விழும்டி. ஆளு விழ மாட்டா" என்றாய். ஆள் விழாத படம் எடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். நீ முட்டை அடிக்கும் கம்பியொன்றை நாய்ச் சங்கிலியில் கட்டிக்கொண்டிருந்தாய்.

உங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் பாறையில் கூடாரம் போட்டோம். மழை பெய்த மறுநாள்தான் போக வேண்டும், பொறி விழுந்தாலும் பற்றாதபடி மானாப்புல் ஈரமாக இருக்க வேண்டும் என்பது உன் சட்டம். உன் அம்மா ரொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பொட்டப்புள்ளைக ரெண்டு பேரும் மலையில போயி என்னாடி பண்ணப் போறீங்க?"

"வெளிச்சம் எடுக்கப் போறோம்மா."

"அதுக்குத்தான் வீட்டுல கரண்டு இருக்கே!"

இருட்டியதும் இரண்டு படம் எடுத்தோம். டோர்ச்சால் நீ என் பெயரைக் காற்றில் எழுதினாய், இடவலம் மாறி விழுந்தது. மூன்றாவதுக்குக் கம்பிக்குள் இரும்புப் பஞ்சைத் திணித்து நீ தயாராக நின்றாய். நான் கேமராவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் கீழேயிருந்து மூன்று டோர்ச்சுகள் ஏறி வந்தன. கசிப்புச் சாராய நாற்றம் அவர்களுக்கு முன்னால் வந்தது.

பேச்செல்லாம் கொஞ்ச நேரம்தான். ஒருவன் என் தலைமயிரைப் பிடித்துக் கூடாரத்துப் பக்கம் இழுத்தான். முழங்கை பாறையில் உராய்ந்து தோல் கழன்றது. நான் கத்தினேன், மலையில் யாருக்குக் கேட்கும்? நீ கத்தவில்லை. சின்ன பேட்டரியைப் பஞ்சில் வைத்தாய். பொறி பற்றியதும் சங்கிலியைச் சுற்றத் தொடங்கினாய். உன்னைச் சுற்றி நெருப்பு சீறிக்கொண்டு நாலாபக்கமும் தெறித்தது. "வாங்கடா! வாங்கடா, நாய்களா!" என்று சுற்றிக்கொண்டே அவர்கள் பக்கம் நடந்தாய். என் மயிரைப் பிடித்தவனின் மணிக்கட்டில் சங்கிலி விழுந்தது. சதை பொசுங்கிய வாசனையை நான் முகர்ந்தேன். எனக்கு அருவருப்பு வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. அவன் அலறிக்கொண்டு ஓடினான், மற்ற இருவரும் அவனுக்கு முன்னால் ஓடினார்கள்.

மூன்று பேரும் உங்கள் தோட்டத்துப் பையன்கள்தான், உனக்குத் தெரிந்தவர்கள். மலையில் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்ததாகச் சொல்லி மறுநாள் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார்களாம். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். போலீசுக்குப் போகலாம் என்றேன். "போனா, நீங்க ரெண்டு பேரும் மலையில என்ன பண்ணீங்கன்னுதான் மொதல்ல கேப்பானுங்க" என்றாய்.

இத்தனைக்கும் கேமரா திறந்தேதான் இருந்திருக்கிறது. படத்தில் நீ முதலில் நின்ற இடத்தில் ஒரு முழு நெருப்பு வளையம், அதன் நடுவில் இருட்டு. அப்புறம் கிழிந்த வளையங்கள். ஓரத்தில் மலைச்சரிவில் கோணல்மாணலாக இறங்கும் மூன்று வெளிச்சக் கோடுகள். யாருக்கும் காட்டுவதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

போன வருடம் நீ லீவில் வீட்டிலிருந்த அன்று, அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையில் குளவி கலைந்தது. அங்கே ஒரு மரத்தில் கூடு இருப்பதைப் பெண்கள் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எத்தனை காலை சொல்லியிருப்பார்கள்! தோட்ட நிர்வாகத்தில் ஒருவரும் அசையவில்லை. அலறல் கேட்டு நீ மானாப்புல்லைக் கட்டிக் கொளுத்திக்கொண்டு ஓடினாய். கொழுந்துச் செடிக்குள் விழுந்துகிடந்த அம்மாவின் மேல், அவர் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டு, மேலே நின்று நெருப்பைச் சுற்றினாய். குளவிக்கு நெருப்பென்ன, நீயென்ன? முகமெல்லாம் மொய்த்துக்கொண்டது. அம்மா பிழைத்தார். உன்னைச் சாக்கில் சுற்றி லொறி வரைக்கும் தூக்கி வந்தவன் அந்த மணிக்கட்டுத் தழும்புக்காரன். பதுளை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே நீ போய்விட்டாய். கூட்டைக் கண்டும் விட்டவர்களை நான் மன்னிக்கவில்லை. தூக்கினான் என்பதற்காக அவனையும் மன்னிக்கவில்லை.

நேற்று அவன் ஸ்டூடியோவுக்கு வந்தான். நீ போனபிறகு உன் அம்மாவுக்குத் தண்ணீர், விறகு எல்லாம் அவன்தான். அம்மா அவனுக்குச் சோறு போடுகிறார். உன் வருடத் திவசத்துக்குப் படம் வேண்டுமென்று அம்மா அனுப்பியிருந்தார். கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவளுக்கு ஏது படம்? அடையாள அட்டைப் படத்தை நீட்டி, "அம்மாவுக்கு இது பிடிக்கல. இதுல அவ இல்லங்கிறாங்க. உங்ககிட்ட வேற இருக்குமாம்" என்றான்.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் காட்டினால் உனக்குக் கொடுத்த வாக்குப் போகும், அம்மாவுக்கு இருக்கும் ஒரே துணையும் போகலாம். கொடுக்காமல் விட்டால் அவன் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெரிதாகப் பிரதி போட்டு, சட்டமும் போட்டு அவன் முன்னால் வைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றவன் கடைசியில் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தான்.

"இது நான்தானேக்கா?"

"ஆமா."

"இதக் குடுக்காதீங்கக்கா. அந்தம்மா மூஞ்சில முழிக்க முடியாது."

"தூக்குடா" என்றேன். என் கை பைக்குள் உன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் தூக்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "படம் வந்திருச்சும்மா. மாலையும் போட்டுட்டேன். அந்த வட்டத்துக்கு அளவெடுத்தாப்புல இருக்கு." அம்மா தொடர்ந்தார். "ஆணி அடிச்சதும் அவன்தான். அடிச்சுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டுக் கால்ல விழுந்தான். எட்டி ஒதச்சேன். அன்னைக்குக் கையில புண்ணோட வந்தவனுக்கு நான்தானேம்மா மஞ்ச அரச்சுப் போட்டேன்? தெரிஞ்சிருந்தா மொளகாயில்ல அரச்சு வச்சிருப்பேன்!" அப்புறம் அழுதார். நானும் அழுதேன். இனித் தண்ணீருக்கு என்னம்மா செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்குக் கை இல்லையா?" என்றார்.

தொலைபேசியை வைக்கப்போகும்போது அம்மா கேட்டார்: "அந்த நெருப்ப எப்படிச் சுத்துறதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். உன் சங்கிலி ஒரு வருடமாக என் கைப்பையில் கிடக்கிறது. பஸ்ஸில் யாராவது இடித்தால் அதைத்தான் முதலில் தொடுகிறேன்.

"அப்ப வா. திவசத்தன்னைக்கு நாம ரெண்டு பேரும் பாறைக்குப் போவோம். எனக்கும் காட்டிக் குடு."

இரும்புப் பஞ்சு வாங்கியாயிற்று. மழைக்காகக் காத்திருக்கிறேன்.