இரண்டு பேருடைய ரத்தம்

என்னங்க,

"பயிற்சி போதும், கிளம்பி வா" என்று எழுதியிருந்தீர்கள். வரமாட்டேன்.

நம் பிள்ளையின் காரியத்தன்று உறவுக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் உங்கள் அம்மா, "இவ வம்சத்துலதான் கோளாறு" என்றபோது நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டீர்கள். நானும் அவனுடைய சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

இந்த மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் அவரவர் ரத்தத்தைச் சோதித்துத்தான் பழக வேண்டும். நம் பிள்ளைக்கு வந்த நோயை என் ரத்தத்தில் தேடினேன். அதற்கான பிழை என்னிடம் இருக்கிறது. உங்கள் அம்மா சொன்னது பாதி உண்மை.

மீதிப் பாதி, இதையே படித்த எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது. பயிற்சியாளரிடம் கேட்டேன்.

"ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா குழந்தைக்கு இந்த நோய் வராதும்மா. அப்பாகிட்டயும் இருந்திருக்கணும்."

உங்களுக்கு வேறு பெண் பார்ப்பதாக என் தங்கை சொன்னாள். பாருங்கள். ஆனால் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லி, இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நானே போய்ச் சொல்வேன்.

பயிற்சி முடிந்ததும் நம் ஊர் மருத்துவமனையிலேயே இந்தப் பரிசோதனையைத் தொடங்கப் போகிறேன். உங்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள். வலிக்காமல் எடுப்பேன்.

நம் பிள்ளையின் அம்மா