கழுத்தில் ஓர் ஊசி

உக்கடம்,
9.2.2025

ஏனுங்க,

சாப்பிட்டீங்களா, சர்க்கரை மாத்திரை போட்டீங்களா என்று கேட்டே பழகிவிட்டது. என் தோழி யுஸ்ரா வீட்டில் சுகமாக இருக்கிறேன். போனில் உங்கள் குரல் வந்தாலே மூச்சடைக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளியன்று துப்பட்டாவால் என் கழுத்தை இறுக்கிக் குளியலறைச் சுவரில் தலையை மோதினீர்களே, பல் உடைந்த இடம் ஆறிவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் போட்டாலும் கட்டிலுக்கடியில் பதுங்குகிறேன். கழுத்தில் ஒரு நரம்பு முடிச்சை ஊசியால் மரத்துப்போகச் செய்தால் இந்தப் பதற்றம் அடங்குமா என்று இங்கே ஒரு மருத்துவமனையில் சோதிக்கிறார்கள். சேரலாம் என்று ஆசை. கழுத்தைத் தொடுவார்களே என்பதுதான் பயம்.

உங்கள்
பிரத்யுஷா

கணபதி, கோவை,
14.2.2025

அன்பு அம்மணிக்கு,

ஊசி போட்டுக்கொள் கண்ணு. நீ பயத்தில்தான் போனாய். பயம் தெளிந்தால் வந்துவிடுவாய். நான் கை வைத்தது நிஜம். நீ எதிர்த்துப் பேசாதிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்குமா? ஊசி போடும் நாளைச் சொல். அன்றே வந்து கூட்டிப் போகிறேன். யுஸ்ரா குறுக்கே நின்றால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

ஸ்ரீனிவாஸ்

உக்கடம்,
6.3.2025

ஸ்ரீனிவாஸுக்கு,

சிறையில் யாரையும் இதைப் படித்துக் காட்டச் சொல்லாமல் நீங்களே படியுங்கள்.

மருத்துவமனையில் ஊசி போட டாக்டரம்மா என் கழுத்தில் விரல் வைத்ததும் உங்கள் கை என்றே நினைத்து அவரை உதைத்துவிட்டேன். தட்டோடு எல்லாம் சிதறியது. அவர் உதட்டில் ரத்தம். துடைத்துக்கொண்டே, "வேண்டாமுன்னா எந்திரிச்சுப் போயிரலாங்க. ஆரும் ஏனுன்னு கேக்க மாட்டாங்க" என்றார். என் விருப்பத்தை அப்படி யாரும் கேட்டதில்லை. "போடுங்க" என்றேன். வலது இமை சரிந்தது, குரல் கரகரத்தது. நெஞ்சுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றது.

ஊசி போடும் நாளை உங்களிடம் நான் சொல்லவில்லை. யாரிடமோ விசாரித்து மறுநாளே கடப்பாரையோடு வந்தீர்கள். "கதவத் தொறந்துபோடு அம்மணி, ஊட்டுக்குப் போலாம்" என்றபடியே பலகையைப் பிளந்தீர்கள். தடுக்க வந்த யுஸ்ராவின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கட்டிலுக்கடியில் போகவில்லை. போலீசுக்குப் போன் போட்டுத் தெருவையும் வீட்டையும் தெளிவாகச் சொன்னேன். பிறகு அம்மிக் குழவியை எடுத்து உங்கள் முழங்காலில் அடித்தேன். தலைக்கும் ஓங்கினேன். "போதும் பிரத்யு, உட்ரு!" என்று யுஸ்ரா அலறியிராவிட்டால் இந்தக் கடிதத்தைப் படிக்க நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள். பயத்துக்கு அடியில் எனக்குள் என்ன கிடந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

பயம் தெளிந்தால் வருவேன் என்று எழுதியிருந்தீர்கள். தெளிந்ததால்தான் வரமாட்டேன்.

ஊசியின் பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். பயம் திரும்பி வந்தால் வரட்டும். அந்தப் பயத்தோடேயே கூண்டேறிச் சாட்சி சொல்வேன்.

பிரத்யுஷா